டிஸ்க் விலகிய இடுப்பும் மூன்று மாதத் தவணையும்

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்கு இடுப்பில் பிடித்த வலி புட்டத்தைத் தாண்டி, தொடையின் பின்புறமாக இறங்கி, கால் பெருவிரல் வரை சுரீரென்று இழுக்கத் தொடங்கினால் நாலு பக்கமிருந்தும் யோசனை வரும். வீட்டுப் பெரியவர்கள் பாயை விரித்துப் படு என்பார்கள். முறிவு நெறிவு பார்ப்பவர் எண்ணெய் போட்டு உருவி, விலகினதை இடத்தில் வைத்துவிட்டேன் என்பார். கண்டிக்குப் போய் எம்.ஆர்.ஐ எடுத்தவருக்கு டிஸ்க் வெளியே தள்ளியிருக்கிறது என்ற வரி கையில் கிடைக்கும். ஒப்பரேஷன் என்ற பேச்சு அன்று மாலையே லயம் முழுக்கப் பரவும். கிளினிக்கில் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தாலோ, மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, கையைக் காலை ஆட்டச் சொல்கிறார்கள் என்று அரை மனதோடு கேட்டுக்கொள்வார்கள். இந்த நான்கில் எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? அந்த ஆதாரம் நாட்கூலிக்கு மலை ஏறும் ஒருவருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வை அப்படியே ரொத்சைல்ட் தோட்டத்து மேட்டில் கொண்டுவந்து வைக்க முடியாது. அதற்காக அதைத் தள்ளிவிட்டு எண்ணெய்ப் போத்தலை நம்பியிருக்கவும் முடியாது.

கீழ் இடுப்பில் டிஸ்க் பிதுங்குவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் கடைசி இரண்டு தட்டுகளில்தான்: நாலாம் ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே, இல்லையென்றால் ஐந்தாவதுக்கும் அதன் கீழுள்ள திருவெலும்புக்கும் நடுவே. சுற்றியிருக்கும் நார் வளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாக வெளியேறி நரம்பு வேரைத் தொடுகிறது. 1934 இல் பொஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் 19 நோயாளிகளின் விவரத்தோடு இதை எழுதியபோதுதான் கால் வலிக்கும் டிஸ்க்குக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகில் நிலைபெற்றது. பிதுங்கியதை வெட்டி எடுப்பதுதான் மருந்து என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. நல்ல ஸ்கேன் கருவிகள் வந்த பிறகு வேறொரு சங்கதி தெரியவந்தது. வெட்டாமல் விட்டவர்கள் பலரில், வெளியே வந்த துண்டு சில மாதங்களில் சுருங்கியது. சிலரில் இருந்த இடம் தெரியாமல் போனது. உடலின் காவல் செல்கள் அதை அந்நியப் பொருளாகக் கண்டு தின்றுவிடுகின்றன. 2015 இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வின்படி, முற்றாகக் கழன்று விழுந்த துண்டுகளில் 96 சதவீதம் சுருங்கின, வெளியே வழிந்தவற்றில் 70 சதவீதம். வெறுமனே புடைத்திருந்தவற்றிலோ 13 சதவீதம்தான். அதில் சேர்ந்த ஆய்வுகள் சிறியவை என்பதால் இலக்கங்களை இறுகப் பிடிக்க வேண்டாம். ஆனால் போக்கு தெளிவாகவே இருக்கிறது. படத்தில் அதிகம் பயமுறுத்தும் டிஸ்க்தான் தானாக ஆறும் வாய்ப்பையும் அதிகம் கொண்டிருக்கிறது. எண்ணெய் போட்டு உருவுகிறவர் எதையும் உள்ளே வைப்பதில்லை. அவர் உருவிய வாரங்களில் உடல் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

ரிப்போர்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நகையை அடகு வைத்து எம்.ஆர்.ஐ எடுக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. 1994 இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐயில் பார்த்தபோது, பாதிக்குச் சற்று அதிகமானோருக்கு ஏதாவதொரு டிஸ்க் புடைத்திருந்தது, 27 சதவீதத்தினருக்கு நன்றாகவே தள்ளியிருந்தது. எந்த வலியும் இல்லாமல் நடமாடியவர்கள் அவர்கள்! ஆக, ரிப்போர்ட்டில் உள்ள வரி தனியாக நின்று எதையும் தீர்மானிக்காது. கட்டிலில் செய்யும் பரிசோதனையோடு அது பொருந்த வேண்டும். அந்தப் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடியாமல் காலை மெல்லத் தூக்குவார்கள். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில், இடுப்பில் மட்டும் நிற்காமல் முழங்காலுக்குக் கீழேயும் வலி பாய்ந்தால் நரம்பு வேர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லி அதை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். குதிக்காலில் நாலு அடி, நுனிக்காலில் நாலு அடி நடக்கச் சொல்வார்கள். ஐந்து நிமிட வேலை. தோட்ட டிஸ்பென்சரியிலேயே இதைச் செய்யலாம். இதைச் செய்யாமல் நேரே ஸ்கேனுக்கு அனுப்புவது நோயாளியின் பணத்தையும் நிம்மதியையும் சேர்த்தே செலவழிக்கிறது.

படுக்கை ஓய்வு பற்றிய வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 1999 இல் நெதர்லாந்தில் கால் வலியோடு வந்த 183 பேரில் ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்கவைத்தார்கள், மறு பாதியினரை முடிந்தமட்டும் நடமாடச் சொன்னார்கள். 12 வாரம் கழித்து இரு பக்கமும் 87 சதவீதத்தினருக்குக் குணம். படுத்தவர்களுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. மூன்று நாளைக்கு மேல் படுத்தால் முதுகுத் தசைகள் சோர்ந்துபோகின்றன, வலியைவிட வலியின் பயம் பெரிதாகிறது. ஆனால் லயத்தில் படு என்று சொல்பவர்களை நான் குறைகூற மாட்டேன். அங்கே படுப்பதற்கு எதிரே இருக்கும் வழி, மறுநாள் விடியப் பெரட்டுக்குப் போய்க் கூடையைத் தூக்குவது ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை எந்தத் தோட்டமும் திறந்து வைக்கவில்லை. இந்தக் கட்டுரையின் வழக்கு உண்மையில் அந்த நடுவழியைப் பற்றியதுதான்.

அதற்கு முன் கூடையின் மேலுள்ள குற்றச்சாட்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கொழுந்துக் கூடைதான் இடுப்பை உடைத்தது என்று தோட்டத்தில் யாரும் சொல்வார்கள். தலையில் போட்ட கயிற்றில் முதுகுப்பக்கம் பாரம் தொங்குகிறது. கைகள் இரண்டும் முன்னே நீள, உடல் செடிக்கு மேலே சாய, சரிவில் ஒரு கால் மேலேயும் மறு கால் கீழேயும் ஊன்றி, இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பறிக்க வேண்டும். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் ஏறும். நிறுவையில் தண்ணீருக்கென்று கிலோவைக் கழித்துவிடுவார்கள், இடுப்பு சுமந்ததைக் கழிக்க வழியில்லை. ஆண்களுக்கு முள்ளுக் குத்து, கவ்வாத்து, முதுகில் மருந்துத் தாங்கி, உர மூட்டை. 1984 இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, 11 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை நாளொன்றுக்கு 25 தடவைக்கு மேல் தூக்குபவர்களுக்கு டிஸ்க் பிதுங்கும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று கண்டது. இடுப்பைத் திருப்பியபடி தூக்கினால் ஆபத்து இன்னும் கூடுகிறது. இதற்கு எதிர்ச்சாட்சியும் வலுவானது. பின்லாந்தில் உருவொத்த இரட்டையர் 115 சோடிகளை ஆராய்ந்த 1995 ஆம் ஆண்டு ஆய்வில், ஒருவர் பாரம் சுமந்தும் மற்றவர் மேசையில் உட்கார்ந்தும் வாழ்ந்திருந்தாலும் அவர்களின் டிஸ்க்குகள் ஏறத்தாழ ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன. பிறப்போடு வந்தது தேய்வின் பெரும்பங்கை விளக்கியது, உழைப்பின் பாரம் மிகச் சிறு பங்கையே விளக்கியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் வரும் முடிவு இது: ஒரு குறிப்பிட்ட பெண்ணின் டிஸ்க்கைக் கூடைதான் கிழித்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கிழிந்த பிறகு அவள் குணமாவதா, மறுபடி விழுவதா என்பதில் கூடைக்குக் கட்டாயம் பங்குண்டு. நஷ்டஈட்டுச் சட்டம் முதல் கேள்வியிலேயே முட்டி நின்றுவிடுகிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையில் நேர்ந்த விபத்தையே மையமாகக் கொண்டது. பத்து வருடத்தில் மெல்ல வந்த வலிக்கு எந்த நாளை விபத்து நாள் என்று எழுதுவது? இரண்டாம் கேள்விக்குக் காரணம் யார் என்ற தீர்ப்பே தேவையில்லை. வழக்காட வேண்டிய இடம் அதுதான்.

இனி பிசியோதெரபி. இதன் ஆதரவாளர்கள் சொல்வதைவிட ஆதாரம் அடக்கமானது, இதை நம்பாதவர்கள் நினைப்பதைவிடப் பெரியது. 2021 இல் அமெரிக்காவில் கால் வலி தொடங்கி மூன்று மாதத்துக்கு உட்பட்ட 220 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆலோசனைதான், ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடவே நாலு வாரப் பயிற்சியும் கைச்சிகிச்சையும். ஒரு வருடத்துக்குப் பிறகு சிகிச்சை பலித்தது என்று சொன்னவர்கள் பயிற்சிப் பக்கம் 45 சதவீதம், மறுபக்கம் 28. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனிலும் பயிற்சிப் பக்கம் முன்னின்றது, ஆனால் அந்த இடைவெளி பெரிதல்ல. அதற்கு முன் நெதர்லாந்தில் 135 பேரில் நடந்த ஆய்விலும் இதே சாயல்தான்: பயிற்சி பெற்றவர்களில் அதிகம் பேர் தேறினோம் என்றார்கள், வலியின் அளவிலோ வித்தியாசம் தென்படவில்லை. பயிற்சி டிஸ்க்கைச் சுருக்குவதில்லை. டிஸ்க் சுருங்கும்வரை மனிதரை இயங்க வைக்கிறது, பயத்தைக் குறைக்கிறது, தசையைக் காக்கிறது. அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டை நான் நம்பமாட்டேன்.

பிசியோதெரபி என்ற பெயரில் நடக்கும் எல்லாமே அந்த ஆதாரத்தின் நிழலில் ஒதுங்கவும் முடியாது. மின் ஒத்தடம், அல்ட்ராசவுண்ட் கருவி, இடுப்பைக் கட்டி இழுக்கும் ட்ராக்ஷன், மாதக்கணக்கில் கட்டும் இடுப்புப் பட்டி ஆகியவற்றுக்கு இடமில்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி ட்ராக்ஷனையும் பட்டியையும் அல்ட்ராசவுண்டையும் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கால் வலிக்கென்று எழுதப்படும் பிரிகபாலின் மாத்திரையையும் அதே நிறுவனம் 2020 இல் விலக்கியது. 2017 இல் சிட்னியில் 209 பேரிடம் சோதித்தபோது அது வெற்று மாத்திரையைவிட எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. புசல்லாவையிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் இடுப்பு குலுங்க உட்கார்ந்து, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டு, கம்பளைக்கோ பேராதனைக்கோ கண்டிக்கோ போய், இருபது நிமிடம் ஒத்தடம் வாங்கித் திரும்புவது லாபமான வியாபாரம் அல்ல. அந்தப் பயணத்துக்குப் பெறுமதி தருவது ஒன்றே ஒன்று: வீட்டில் தானே செய்யும்படி, பிழை திருத்தி, கண் முன்னே செய்ய வைத்துக் கற்றுக்கொடுப்பது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடம் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகிறது. திகனையில் ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலையே இருக்கிறது. அறிவு கண்டி மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. அது மலை ஏறி வருவதில்லை.

கற்றுக்கொடுக்க வேண்டியது எவ்வளவு எளியது என்பதற்கு ஒரு பயிற்சியை விவரிக்கிறேன். லயத்து இஸ்தோப்பில் பாய் விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் சும்மா. பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தல். அது பழகியதும் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு பாயைவிட்டு எழாமல் மேலுடம்பை நிமிர்த்தல். பத்துத் தடவை, நாளில் ஐந்தாறு வேளை. கவனிக்க வேண்டியது வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதை. பாதத்திலிருந்த வலி கெண்டைக்கும், கெண்டையிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் பின்வாங்கினால் இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் தொடரலாம். வலி கீழ்நோக்கி நீண்டால் நிறுத்திவிட வேண்டும். நியூசிலாந்துப் பிசியோதெரபிஸ்ட் ரொபின் மெக்கென்சி 1956 இல், தன் கிளினிக்கில் ஒரு நோயாளி தற்செயலாக இடுப்பு பின்வளைந்தபடி குப்புறப் படுத்துக் குணம் கண்டதிலிருந்து இதை வளர்த்தார். கூழை முன்னுக்குத் தள்ளுகிறோம் என்ற அவருடைய விளக்கம் நிரூபணமாகவில்லை, எல்லோருக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. ஆனால் வலி பின்வாங்குவது நல்ல குறி என்ற அவருடைய கவனிப்பு பல ஆய்வுகளைத் தாங்கி நிற்கிறது. இதோடு தினமும் மட்டமான ரோட்டில் நடை, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டி. இதற்குக் கருவியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். செய்தால் பலிக்கும், தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் பலிக்காது.

ஒப்பரேஷன் பக்கம் உள்ள வாதம் பலர் நினைப்பதைவிட நுட்பமானது. நோர்வேயில் வெபர் 126 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 1983 இல் பத்து வருட முடிவை வெளியிட்டார். முதல் வருடத்தில் வெட்டியவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள், நாலாம் வருடத்தில் இடைவெளி ஒடுங்கியது, பத்தாம் வருடத்தில் இல்லை. 2007 இல் நெதர்லாந்தில் 283 பேர்: உடனே வெட்டியவர்கள் தேறுவதற்குச் சராசரியாக 4 வாரம் போதுமாக இருந்தது, காத்திருந்தவர்களுக்கு 12 வாரம். ஒரு வருட முடிவில் இரு பக்கமும் 95 சதவீதம். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் இடையில் ஒப்பரேஷனுக்கு மாறிக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும். ஆக, வெட்டு வாங்கித் தருவது வேகம்.

இங்கேதான் நாட்கூலியின் கணக்கு குறுக்கிடுகிறது. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், பொறுத்திருங்கள் என்று ஒரு மாதச் சம்பளக்காரரிடம் சொல்லலாம். எட்டு வார இடைவெளியை வாரம் 5 நாளாகப் பார்த்தால் 40 நாள். 2024 இல் தீர்மானித்த 1350 ரூபாயில் அது 54,000 ரூபாய். கொழுந்து பறித்து வாழும் வீட்டில் அந்தத் தொகை பிள்ளையின் படிப்பாகவும் கடைக் கடனாகவும் இருக்கிறது. எனவே தொழிலாளிக்கு ஒப்பரேஷனின் வாதம் பணக்காரருக்கு இருப்பதைவிட வலுவானது என்று முதற்பார்வையில் தோன்றும். நானும் அந்த வாதத்தை மதிக்கிறேன். அதை வீழ்த்துபவை இரண்டு. முதலாவது, நெதர்லாந்தில் வெட்டு இரண்டு வாரத்துக்குள் நடக்க ஏற்பாடாகியிருந்தது. நம் அரசாங்க வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை, ஆனால் திகதிக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் அந்த வேகம் கரைந்துவிடும். இரண்டாவது இன்னும் பெரியது. அமெரிக்காவின் 13 மையங்களில் நடந்த ஸ்போர்ட் ஆய்விலும், மெயின் மாநிலத்தில் பத்து வருடம் தொடர்ந்த ஆய்விலும், வலியில் ஒப்பரேஷன் காட்டிய முன்னேற்றம் வேலைக்குத் திரும்பியவர்களின் கணக்கில் தெரியவில்லை. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் மனிதர் வேலைக்குப் போகிறாரா என்பது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேகம் கூலியாக மாறவில்லை.

ஒப்பரேஷனுக்கு உரிய இடத்தையும் மறுக்கக்கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளின் உட்பக்கமும் இருக்கையும் மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அது அன்றைய இரவே கண்டிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம், விடியட்டும் என்று வைத்திருக்கவே கூடாது. பாதம் நாளுக்கு நாள் தொங்கினாலும் தாமதிக்கக்கூடாது. கால் வலி நாலு மாதத்தைத் தாண்டியும் விடவில்லை என்றால் பயிற்சியையே பிடித்துத் தொங்குவதும் பிழை. கனடாவில் அப்படி நாலு முதல் பன்னிரண்டு மாதம் அவதிப்பட்ட 128 பேரை வைத்து 2020 இல் வந்த ஆய்வில், ஆறு மாதத்தில் வெட்டியவர்களின் கால் வலி பத்துக்கு 2.8, வெட்டாதவர்களுக்கு 5.2. பிசியோதெரபிக்கு ஒரு தவணை உண்டு. அது மூன்று மாதம், மிஞ்சினால் நாலு.

அந்த மூன்று மாதத்தை யார் கொடுப்பது? கனடாவின் கியூபெக்கில் 1997 இல் முதுகு வலியால் நாலு வாரத்துக்கு மேல் வேலையிழந்திருந்த 130 தொழிலாளர்களிடம் சிகிச்சையையும் வேலையிடத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் மாற்றிப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்த பிரிவினர் 2.4 மடங்கு வேகமாக வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள், அதில் பெரும்பங்கு வேலையிடத்தில் செய்த மாற்றத்துக்கே உரியது. அவர்கள் எல்லோருக்கும் டிஸ்க் விலகியிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் மாறாத அந்த வேலைக் கணக்கை வேறெதுவும் இந்த அளவுக்கு அசைத்ததாக நான் காணவில்லை. என் தீர்ப்பு இதன் மேல் நிற்கிறது. அவசரக் குறிகள் இல்லாத டிஸ்க் விலகலுக்குப் பயிற்சியை முன்வைத்த பிசியோதெரபியே முதல் வழி. அதன் பாதிப் பலன் கிளினிக்கில் இருக்கிறது, மறு பாதி தோட்டத்து செக்ரோல் பதிவேட்டில் இருக்கிறது. முழுக்கூடையா, சம்பளமில்லாத வீடா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடும் வரை பாதிப் பலனுக்கு மேல் யாரும் காணப்போவதில்லை.

பிள்ளைத்தாய்ச்சிகளைப் பாரமான வேலைக்கு விடக்கூடாது என்பது சட்டத்திலும் தோட்ட வழக்கத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே இலேசான வேலை என்பது யாருக்கும் புதிய யோசனை அல்ல. ஆனால் டிஸ்க்குக்கு எது இலேசு என்பதில் பெரிய மயக்கம் உண்டு. நாற்றுத் தவறணையில் தரையில் குந்தி மணிக்கணக்காகப் பைகளில் மண் நிரப்புவது பார்ப்பதற்கு இலேசு, விலகிய டிஸ்க்குக்கு மலையைவிட மோசம். குனிந்து உட்கார்ந்திருப்பதே அதற்குப் பெரிய எதிரி. நின்றும் நடந்தும் செய்யும் பறிப்பு, கூடையில் பாரம் சேராதிருந்தால், அதைவிட நல்லது. டொக்டர் துண்டில் வெறுமனே இலேசான வேலை என்று எழுதிக் கொடுப்பதால்தான் இந்தக் குழப்பம். அதில் இருக்க வேண்டியவை: ஒரு நேரத்தில் கூடையில் 5 கிலோவுக்கு மேல் சேராமல் அடிக்கடி கொட்ட வேண்டும், சரிவு குறைந்த மலை, குந்தி உட்காரும் வேலை வேண்டாம், முதல் நாலு வாரம் 9 கிலோவுக்கு முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), அடுத்த நாலு வாரம் 13 கிலோவுக்கு, கடைசி நாலு வாரம் சிறு கூடையோடு வழக்கமான 18 கிலோவுக்கு. இது நான் போட்ட கணக்கு, தோட்டத்துக்குத் தோட்டம் கிலோ மாறும். வாரம் 5 நாளாகப் பார்த்தால் நிர்வாகத்துக்கு மொத்தக் குறைவு 280 கிலோ பச்சைக் கொழுந்து, ஸ்டோரில் காய்ந்து தேயிலையாக வரும்போது 60 கிலோ அளவு. இருபது வருடம் பழகிய ஒரு கை நிரந்தரமாக மலையை விட்டுப் போவதற்கு எதிரே வைத்தால் எந்தத் துரைக்கும் இது பெரிய தொகை அல்ல. அடுத்த சம்பளப் பேச்சில் ரூபாய்க்கும் கிலோவுக்கும் பக்கத்தில் இந்தப் பன்னிரண்டு வாரத்தையும் மேசையில் வைக்க வேண்டியது தொழிற்சங்கங்களின் பொறுப்பு, துண்டை விவரமாக எழுத வேண்டியது கிளினிக்கின் பொறுப்பு.